வெளிப்புறம் இல்லாத கட்டடம்: சுரங்க ரயில் நிலையத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

அடுத்த முறை ஏதாவது ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் நின்றால், ரயில் வரும் திசையை விட்டுவிட்டுக் கொஞ்சம் கூரையைப் பாருங்கள். தட்டையாக இருக்கிறதா, குழாய்போல வளைந்திருக்கிறதா? நடுவில் தூண்கள் வரிசையாக நிற்கின்றனவா, அல்லது தடித்த சுவருக்கு நடுவே வாசல் வாசலாக விட்டிருக்கிறார்களா? இதைக் கவனித்தாலே அந்த நிலையத்தை எப்படித் தோண்டினார்கள், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, ஏறக்குறைய எந்தக் காலத்தது என்றெல்லாம் ஓரளவு சொல்லிவிடலாம்.

மற்ற கட்டடங்களில் இது முடியாது. ஒரு வீட்டையோ அலுவலகத்தையோ கட்டுபவர் முகப்பு எப்படி இருக்க வேண்டும், எத்தனை ஜன்னல் வைக்கலாம் என்று யோசிப்பார். சுரங்க நிலையத்துக்கு முகப்பே கிடையாது. அது உள்புறம் மட்டுமே உள்ள கட்டடம். சுற்றிலும் மண், அந்த மண்ணில் தண்ணீர், தலைக்கு மேலே சாலையும் சாக்கடையும் வேறு யாருடைய கட்டடமோ. இவற்றோடு பேரம் பேசி மிஞ்சிய இடம்தான் நிலையம். சுவர் ஓடுகளும் சித்திரங்களும் விளக்குகளும் பிறகு வருபவை. வடிவத்தை முதலில் முடிவு செய்வது மண்.

இதைச் சில நிலையங்களை வைத்தே பார்த்துவிடலாம்.

முதல் வழி: சாலையைப் பிளந்து மூடுவது

உலகின் முதல் நகரச் சுரங்க ரயில் பாதை 1863 ஜனவரி 10 அன்று லண்டனில் திறக்கப்பட்டது. பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை, சுமார் 6 கிலோமீட்டர். அந்தக் காலத்து லண்டனில் வெளியூர் ரயில்கள் வந்து நிற்கும் பெரிய நிலையங்கள் நகரத்தின் விளிம்பில் இருந்தன. அங்கே இறங்கியவர்கள் எல்லாரும் குதிரை வண்டி பிடித்து நகருக்குள் போனால் தெரு என்ன ஆகும்? தெரு நெரிசலைத் தீர்க்க நிலத்துக்கு அடியில் ரயில் விடலாம் என்று பல வருடம் விடாமல் வாதாடியவர் சார்லஸ் பியர்சன் என்ற வழக்கறிஞர். பாவம், பாதை திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துபோனார்.

வேலை செய்த முறை எளிமையானது. சாலையை நீளவாக்கில் பிளந்து பள்ளம் தோண்டு; இரு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பு; மேலே செங்கல் வளைவோ இரும்பு உத்தரமோ போடு; மண்ணைத் தள்ளி மூடி, மறுபடி சாலை போட்டுவிடு. இன்றும் இதற்கு ‘வெட்டி மூடும் முறை’ என்றே பெயர். எளிமையானது என்றேனே தவிர, சுகமானது என்று சொல்லவில்லை. மாதக்கணக்கில் தெரு கிழிந்து கிடக்கும். 1862 ஜூனில் ஃப்ளீட் சாக்கடை உடைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குள் பாய்ந்தது.

அந்த முதல் பாதையில் ஓடியவை நீராவி எஞ்சின்கள். மூடிய சுரங்கத்துக்குள் கரி எரித்து ஓடும் எஞ்சின்! இதை மனதில் வைத்துக்கொண்டு பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தின் 1863 ஆம் ஆண்டு நடைமேடைகளைப் பார்த்தால் அதன் கட்டடக்கலை சட்டென்று புரியும். மேலே அகலமான செங்கல் வளைவு. இரு பக்கச் சுவர்களிலும் வரிசையாகப் பெரிய மாடங்கள். முதலில் அலங்கார ஜன்னல் என்றுதான் தோன்றும். உண்மையில் அவை தெருமட்டத்திலிருந்து வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே இறக்கவும், புகையை வெளியேற்றவும் வைத்த சாய்வான துளைகள். எஞ்சின் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மாடங்கள் அப்படியே இருக்கின்றன. இப்போது அவற்றுக்குள் மின்விளக்கு எரிகிறது.

வெட்டி மூடும் முறையில் கட்டிய நிலையங்களுக்குச் சில பொது அடையாளங்கள் உண்டு. சாலைக்கு மிக அருகில் இருக்கும், சில படிகள் இறங்கினால் போதும். பாதை சாலையை ஒட்டியே போகும். கூரை பெரும்பாலும் தட்டையாக, தாழ்வாக இருக்கும். 1896-ல் புடாபெஸ்டில் ஆந்த்ராஷி சாலைக்கு அடியில் திறந்த பாதை இதற்கு அழகான உதாரணம். அழகான அந்தச் சாலையின் மேல் டிராம் ஓடுவதை நகரம் விரும்பவில்லை. சரி, கீழே கொண்டுபோய்விடலாம் என்றார்கள். வார்ப்பிரும்புத் தூண்கள், பளபளப்பான வெள்ளை ஓடுகள், தாழ்ந்த கூரை, பொம்மை ரயில்போலச் சின்னப் பெட்டிகள். 2002-ல் உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

நியூயார்க்கில் 1904 அக்டோபர் 27 அன்று திறந்த பாதையும் இப்படித்தான், நடைபாதைக்குச் சற்றே கீழே. அங்கே எஃகு உத்தரங்களும் எஃகுத் தூண்களும் தாராளமாகக் கிடைத்தன. அதனால் சில அடிக்கு ஒன்றாகத் தூண் நட்டு, தட்டையான கூரை போட்டார்கள். நியூயார்க் நிலையம் என்றதும் நம் கண்ணில் வருகிற அந்தத் தூண் காடு ரசனையால் வந்ததில்லை, மேலே போகும் சாலையின் எடையால் வந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மனம் விட்டுச் செலவழித்தார்கள்: சிட்டி ஹால் நிலையம். குவாஸ்டவினோ முறையில் மெல்லிய ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டிய வளைவுக் கூரை, அதில் கண்ணாடித் திறப்புகள். ஆனால் அந்த நடைமேடை கடும் வளைவில் இருந்தது. பிறகு வந்த நீளமான ரயில்களுக்கு அது ஒத்துவரவில்லை. 1945-ன் கடைசி நாளில் மூடிவிட்டார்கள். அழகு இருந்தும் வளைவு அதன் கதையை முடித்துவிட்டது.

பாரிஸ் 1900-ல் வேறு வழியில் போனது. சாலைக்குக் கீழேதான், ஆனால் பெரும்பாலான நிலையங்களுக்கு இரண்டு தண்டவாளத்தையும் இரண்டு நடைமேடையையும் ஒரே வீச்சில் மூடும் முட்டை வடிவ வளைவு. வளைவு மண்ணின் எடையைப் பக்கவாட்டில் இறக்கிவிடும், நடுவில் தூண் தேவையில்லை. அதனால் எதிர் நடைமேடையில் நிற்பவரின் முகம் வரைக்கும் தெரியும். முழுச் சுவரிலும் ஓரம் சரித்த வெள்ளை ஓடுகள். அன்றைய மங்கலான மின்விளக்கின் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கிக் காட்டும் வேலை அவற்றுக்கு. வெளியே தெரிவது படிக்கட்டு வாசல் மட்டுமே என்பதால், ஹெக்டர் கிமார் என்ற கட்டடக் கலைஞர் அந்த வாசலுக்கே இரும்பில் கொடியும் மொட்டும் வளர்த்துவிட்டார். முகப்பு இல்லாத கட்டடத்துக்குக் கிடைத்த ஒரே முகம் அது.

இரண்டாவது வழி: குழாய் போடுவது

தெருவைக் கிழிக்காமல் போக வேண்டுமென்றால் இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும். ஆழத்தில் மண் நம் தலையில் விழாமல் எப்படித் தோண்டுவது? இதற்கான விடையை மார்க் புரூனெல் என்ற பொறியாளர் கப்பல் மரத்தைத் துளைக்கும் ஒரு புழுவிடம் கற்றதாகச் சொல்வார்கள். அந்தப் புழு தலையில் உள்ள ஓடால் மரத்தை அரைத்துக்கொண்டே போகும், பின்னால் வளையைப் பூசிக்கொண்டே போகும். புரூனெல் அதையே இரும்பில் செய்தார். ஒரு பெரிய இரும்புச் சட்டம். அதன் அறைகளில் நின்று ஆட்கள் எதிரே உள்ள மண்ணைச் சுரண்டுவார்கள். சட்டம் முன்னே நகரும். பின்னால் செங்கல் கட்டுவார்கள். தேம்ஸ் நதிக்கு அடியில் 1825-ல் தொடங்கிய அந்தச் சுரங்கம், இடையில் வெள்ளம் புகுந்து, பணம் தீர்ந்து, 1843-ல்தான் திறந்தது.

இந்தச் சட்டத்தை ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் வட்டமாக்கினார், செங்கல்லுக்குப் பதில் வார்ப்பிரும்பு வளையங்களைப் பொருத்தினார். லண்டனின் அடியில் இருப்பது இறுகிய களிமண். பாலாடைக்கட்டியைக் கத்தியால் வெட்டுவதுபோல வெட்டலாம், உடனே சரிந்தும் விழாது. இந்த மண் வாய்த்ததால்தான் அங்கே குழாய்ப் பாதைகள் இவ்வளவு சீக்கிரம் வந்தன. 1890-ல் ஸ்டாக்வெல்லிலிருந்து தேம்ஸைக் கடந்து ஓடத் தொடங்கியது மின்சாரத்தில் ஓடும் முதல் ஆழ்குழாய் ரயில். பார்க்கத்தான் ஒன்றுமில்லையே என்று அதன் பெட்டிகளுக்குச் சரியான ஜன்னல்கூட வைக்கவில்லை. பயணிகள் மெத்தை வைத்த சிறை அறை என்று கிண்டலடித்தார்கள். நிலையத்தின் பெயர் தெரியாமல் இறங்குவது எப்படி என்று யோசித்திருக்க வேண்டும்!

குழாய் முறை நிலையத்தின் வடிவத்தை அடியோடு மாற்றியது. இனி ஒரு பெரிய கூடம் கிடையாது. ரயில் போகிற குழாய் ஓரிடத்தில் சற்றுப் பெருத்து, சுமார் 6.5 மீட்டர் விட்டமாகிறது. அதற்குள் ஒரு தண்டவாளமும் ஒரு நடைமேடையும். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இப்படி இரண்டு குழாய்கள். இரண்டுக்கும் நடுவே குறுக்கு வழிகள். சுவர் வளைந்திருப்பதால் விளம்பரச் சுவரொட்டிகளும் வளைந்தே ஒட்டப்படும். லண்டன் நடைமேடையில் இதைக் கவனிக்கலாம்.

அந்தக் குழாய்கள் ஏன் சில இடங்களில் கோணல்மாணலாகப் போகின்றன? அடுத்தவர் கட்டடத்துக்கு அடியில் போனால் இழப்பீடு, வழக்கு என்று தொல்லை. பொதுத் தெருவுக்கு அடியிலேயே போய்விட்டால் அந்தத் தலைவலி குறைவு. அதனால் தெரு வளைந்த இடத்தில் ரயிலும் வளைந்தது. தெரு குறுகிய இடத்தில் இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் போக இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. செயின்ட் பால்ஸ் நிலையத்தில் ஒரு திசை நடைமேடை மேல்தளத்திலும் மறு திசை கீழ்த்தளத்திலும் இருப்பது இதனால்தான். வளைந்த நடைமேடையில் நேரான ரயில் பெட்டி வந்து நின்றால் நடுவில் இடைவெளி விழும். ‘மைண்ட் தி கேப்’ என்ற அந்தப் புகழ்பெற்ற அறிவிப்புக்குப் பின்னால் இருப்பது பழைய தெருக்களின் வளைவு.

இன்னொரு சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1900-ல் திறந்த சென்ட்ரல் பாதையில் நிலையங்களைச் சிறு மேடுகளின்மேல் வைத்தார்கள். ரயில் நிலையத்துக்குள் வரும்போது 60-க்கு 1 என்ற ஏற்றம் (60 அடி போனால் 1 அடி உயரும்), கிளம்பும்போது 30-க்கு 1 என்ற இறக்கம். வருகிற ரயிலின் வேகத்தை ஏற்றமே குறைத்துவிடும், பிரேக் அவ்வளவு பிடிக்க வேண்டாம். கிளம்பும் ரயிலை இறக்கமே தள்ளிவிடும், மின்சாரம் மிச்சம். ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆழத்துக்கு இறங்க லிஃப்ட் வைத்தார்கள். லிஃப்டுக்கு இயந்திர அறை வேண்டும், அதற்கு மேலே ஒரு கட்டடம் வேண்டும். லெஸ்லி கிரீன் என்ற இளம் கட்டடக் கலைஞருக்கு அப்படிப்பட்ட பல நிலையங்களை மொத்தமாக வடிவமைக்கும் வேலை கிடைத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி: எஃகுச் சட்டகம், அதன்மேல் மாட்டு ரத்தச் சிவப்பு என்று அழைக்கப்படும் பளபளப்பான ஓடு, இரண்டு மாடி, தட்டைக் கூரை. பின்னாளில் அதன்மேல் அலுவலகம் கட்டி வாடகைக்கு விடலாம் என்ற கணக்கில்தான் தட்டைக் கூரை. கீழே நடைமேடையில் மட்டும் நிலையத்துக்கு நிலையம் ஓட்டின் நிறமும் கோலமும் மாறும். தினமும் வருகிறவர் பெயர்ப் பலகையைப் பார்க்காமலே தன் நிலையத்தை அடையாளம் கண்டுகொள்வார். அத்தனை நிலையங்களையும் சில வருடங்களில் வரைந்து தள்ளிய கிரீன் 1908-ல், 33 வயதில் இறந்தார்.

பிக்காடில்லி சர்க்கஸ்: மேலே எதுவுமே இல்லாத நிலையம்

கிரீன் கட்டிய நிலையங்களில் ஒன்று லண்டனின் பிக்காடில்லி சர்க்கஸ். சர்க்கஸ் என்றால் இங்கே வேடிக்கை காட்டும் கூடாரம் இல்லை. பல தெருக்கள் வந்து சேரும் வட்டச் சந்திப்பு. 1906 மார்ச் 10 அன்று திறந்தது. அதே வருடம் டிசம்பரில் இரண்டாவது பாதையும் வந்து சேர்ந்தது. வழக்கம்போல் மேலே சிவப்பு ஓட்டுக் கட்டடம், உள்ளே லிஃப்ட்.

1907-ல் அங்கே வந்துபோனவர்கள் 15 லட்சம் பேர். 1922-ல் 1 கோடியே 80 லட்சம். இதை லிஃப்ட் எப்படித் தாங்கும்? லிஃப்டில் ஒரு கூட்டம் ஏறும், கதவு மூடும், மற்றவர்கள் நிற்பார்கள். அது கூட்டத்தைத் துண்டு துண்டாக்கி நகர்த்தும் கருவி. கூட்டம் ஆறாக வரும்போது ஆறாகவே ஓடவிடும் கருவி வேண்டும். அதுதான் எஸ்கலேட்டர். லண்டன் சுரங்க ரயிலில் 1911-லேயே எர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் எஸ்கலேட்டர் வந்திருந்தது. ஆனால் லிஃப்ட் கிணறு செங்குத்தானது. எஸ்கலேட்டர் சாய்வாக நீளுவது. மேலே இருக்கிற கட்டடத்துக்குள் அதை அடைக்க முடியாது. புதுக் கட்டடத்துக்கு இடம் தேடினால் பிக்காடில்லியில் ஒரு கையகலம்கூடக் காலியில்லை.

எஞ்சியிருந்த ஒரே வெற்றிடம் சாலைச் சந்திப்பின் அடிவயிறு. அங்கேயே கூடத்தைக் கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். 1925-ல் வேலை தொடங்கியது. சந்திப்பின் நடுவில் நின்ற, ஊரே ஈராஸ் என்று அழைக்கும் சிலையைப் பெயர்த்துத் தேம்ஸ் கரைப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அது 1931-ல்தான் திரும்பி வந்தது. தண்ணீர், எரிவாயு, மின்சாரக் குழாய்களை எல்லாம் இடம் மாற்றினார்கள். மேலே பேருந்து போய்க்கொண்டே இருக்க, கீழே எஃகுத் தூணும் உத்தரமும் வைத்துச் சாலையைத் தாங்கிக்கொண்டு தோண்டினார்கள். மேசையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேசைக் காலை மாற்றுகிற மாதிரியான வேலை.

1928 டிசம்பர் 10 அன்று திறந்த அந்தக் கூடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் ஹோல்டன். அவர் கூடத்தை வட்டமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. சந்திப்பின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் படிக்கட்டு இறங்குகிறது. எங்கிருந்து இறங்கினாலும் வட்டப் பாதையில் சுற்றிவந்தால் எஸ்கலேட்டர் கண்ணில் படும். செவ்வக அறையாக இருந்தால் மூலை இருக்கும். மூலை இருந்தால் கூட்டம் தேங்கும். சாலையைத் தாங்கும் தூண்கள் வளையமாக நிற்கின்றன, அவற்றின்மேலேயே விளக்குகள். சுவரில் வெளிர்நிற டிராவர்டைன் கல், கடைகளின் கண்ணாடி ஜன்னல்கள். பூமிக்கு அடியில் இருக்கிறோம் என்ற நினைப்பையே மறக்கடிக்கும் ஏற்பாடு. உலகத்தின் பல நகரங்களில் இப்போது மணி என்ன என்று நகரும் பட்டையால் காட்டும் ஓர் உலகப் படக் கடிகாரமும் அங்கே உண்டு. மொத்தம் 11 எஸ்கலேட்டர்கள்.

பழைய சிவப்புக் கட்டடத்தை 1929-ல் மூடிவிட்டார்கள். அப்புறம் பிக்காடில்லி சர்க்கஸுக்குத் தரைக்கு மேலே நிலையம் என்று ஒன்று இல்லவே இல்லை. தெருவோரப் படிக்கட்டுகள் மட்டும்தான். சுரங்க நிலையம் தன் இயல்பை முழுதாக ஏற்றுக்கொண்ட இடம் என்று இதைத்தான் சொல்வேன்.

மாஸ்கோ: அதே குழாய், அரண்மனை வேஷம்

லண்டன் பொறியாளர்களிடம் ஆலோசனை கேட்ட நகரங்களில் மாஸ்கோவும் ஒன்று. 1935 மே 15 அன்று அதன் முதல் பாதை 13 நிலையங்களோடு திறந்தது. பளிங்கும் சரவிளக்கும் பார்த்துவிட்டு இது வேறு ஏதோ உலகம் என்று நினைப்போம். உள்ளே உள்ள எலும்புக்கூடு அதே குழாய்தான்.

லண்டனில் இரண்டு குழாய்கள் என்றால் மாஸ்கோவின் ஆழ் நிலையங்களில் மூன்று. இரண்டு பக்கக் குழாய்களில் ரயில்கள், நடுக் குழாய் மக்கள் நடக்கும் கூடம். எஸ்கலேட்டர் நேராக அந்த நடுக் கூடத்தின் முனையில் இறக்கிவிடும். மூன்று குழாய்களும் தனித்தனியாக நின்றால், அவற்றுக்கு நடுவே தடித்த சுவர்த் தொகுதிகள் மிஞ்சும். அவற்றைக் குடைந்துதான் வழி விட முடியும். இது ஒரு வகை. மூன்று குழாய்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி நெருக்கிவைத்து, வெட்டும் இடத்தில் சுவருக்குப் பதில் தூண் வைப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் இடம் விசாலமாகும், ஆனால் மேலே உள்ள மண்ணின் எடை முழுதும் அந்த ஒல்லித் தூண்களில் இறங்கும். ஆழத்தில் இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

கட்டடக் கலைஞர் அலெக்ஸி துஷ்கின் 1938-ல் மாஸ்கோவின் மாயகோவ்ஸ்கயா நிலையத்தில் இதைச் செய்து காட்டினார். 33 மீட்டர் ஆழம். உள்ளே எஃகுத் தூண்கள், வெளியே வரிவரியான துருப்பிடிக்காத எஃகுத் தகடு. கூரையில் குவிந்த நீள்வட்டக் குழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுற்றி விளக்கு, உள்ளே அலெக்சாண்டர் தெய்னேகாவின் வண்ணக்கல் ஓவியம். விமானம், பாராசூட், பறவை, பழமரக் கிளை என்று எல்லாமே அண்ணாந்து பார்க்கும் காட்சிகள். 33 மீட்டர் மண்ணுக்குக் கீழே நிற்பவரை வானத்தைப் பார்க்க வைக்கும் தந்திரம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் இதன் மாதிரிக்குப் பெரும் பரிசு கிடைத்தது.

இந்த அலங்காரத்தை வெறும் அரசியல் பகட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. பகட்டு இருந்தது உண்மைதான். ஆனால் ஆழத்துக்குப் போக மக்களுக்குப் பயம் இருந்ததும் உண்மை. உயரமான கூடமும் மறைவிளக்கும் அந்தப் பயத்துக்கான மருந்து. அதே மரபில் கீவ் நகரின் ஆர்செனால்னா நிலையம் 1960-ல் 105 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் திறந்தது. இரண்டு நீளமான எஸ்கலேட்டர்கள் ஏறினால்தான் வெளியே வர முடியும். நிலையம் மேட்டில் இருக்கிறது, பாதையோ சற்றுத் தள்ளி நதியைக் கடக்கப் போகிறது. அதனால்தான் அந்த ஆழம்.

பாறை வாய்த்தால்

களிமண்ணுக்கு எதிர்முனை ஸ்டாக்ஹோம். அங்கே கீழே இருப்பது கெட்டிப் பாறை. வெடிவைத்துக் குடைந்தால் பாறை தானாகவே நிற்கும். அப்படியானால் உள்ளே இன்னொரு சுவர் எதற்கு? 1970-களில் கட்டிய பாதையில் பாறையின் முரட்டு வடிவத்தை அப்படியே விட்டு, மேலே மெல்லிய கான்கிரீட்டைப் பீய்ச்சி, அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். மத்திய நிலையத்தில் பேர் ஊலோஃப் உல்ட்வெட் தீட்டிய நீலக் கொடிகள் குகைக் கூரை முழுக்கப் படர்கின்றன. ஒரு பக்கம் அந்தச் சுரங்கத்தைக் குடைந்த தொழிலாளர்களின் நிழலுருவங்களும் உண்டு.

பெட்டி முறை: மேலிருந்து கீழே கட்டுவது

இன்று உலகெங்கும் கட்டப்படும் பெரும்பாலான சுரங்க நிலையங்கள் குழாயும் இல்லை, குகையும் இல்லை. பெட்டிகள். வெட்டி மூடும் முறையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

முதலில் நிலையத்தின் எல்லையைச் சுற்றி ஒடுக்கமான ஆழமான அகழி தோண்டுவார்கள். அது சரியாமல் இருக்கப் பென்டோனைட் என்ற களிமண் குழம்பை ஊற்றி நிரப்புவார்கள். பிறகு அதற்குள் கம்பிக் கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்ற ஊற்ற, குழம்பு மேலே வந்து வெளியேறிவிடும். இப்படி மண்ணுக்குள்ளேயே சுவர் தயார். அப்புறம் வேடிக்கை: மேல்தளத்தை முதலில் போட்டுவிடுவார்கள். அதன்மேல் சாலையைத் திறந்துவிட்டு, அடியில் மண்ணை அகற்றி அடுத்த தளம், அதற்கும் கீழே அடுத்த தளம். கூரையில் தொடங்கித் தரையில் முடியும் கட்டடம். ஒவ்வொரு தளமும் இரு பக்கச் சுவர்களும் உள்ளே சாயாமல் முட்டுக்கொடுக்கிறது. சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒரு பக்கச் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, மறுபக்கம் வெளியேறிப் போகும்.

பெட்டிக்கு ஒரு விசித்திரமான பிரச்சினை உண்டு. நிலத்தடி நீர்மட்டம் உயரமாக இருந்தால், உள்ளே வெறும் காற்றுள்ள கான்கிரீட் பெட்டி கப்பல் மாதிரி மிதக்கப் பார்க்கும். இது கேலி இல்லை. அதைக் கீழே பிடித்துவைக்கத் தடித்த அடித்தளமும், மண்ணுக்குள் வேர்போல இறங்கும் கம்பங்களும் வைக்கிறார்கள். நிலையம் மூழ்கிவிடக்கூடாதே என்றுதான் நாம் நினைப்போம். பொறியாளருக்கோ அது கிளம்பிவிடக்கூடாதே என்ற கவலை.

பெட்டி முறையின் உச்சங்களில் ஒன்று 1999-ல் திறந்த லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரின் புதிய பகுதி. வடிவமைத்தது மைக்கேல் ஹாப்கின்ஸின் அலுவலகம். சுமார் 39 மீட்டர் ஆழக் குழி. பக்கத்திலேயே பிக் பென் கோபுரம். குழி தோண்டினால் பக்கத்து மண் தளரும், கோபுரம் சாயும். அதனால் கோபுரத்தின் அடியில் முன்கூட்டியே குழாய்களைச் செருகிவைத்து, சாய்வை அளந்து அளந்து, தேவைப்பட்டபோதெல்லாம் சிமெண்ட் கலவையைச் செலுத்தி நிமிர்த்திக்கொண்டே வந்தார்கள். கோபுரத்திலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதற்காகவே அங்கேயும் இரண்டு நடைமேடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்தன. மண்ணின் அழுத்தத்தைத் தாங்க குறுக்கே போகும் பிரமாண்டமான கான்கிரீட் தூண்களையும் உருளைகளையும் மறைக்காமல் அப்படியே விட்டார்கள். அவற்றுக்கு நடுவே எஸ்கலேட்டர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. முதன்முறை பார்க்கிறவருக்கு ஏதோ இயந்திரத்தின் வயிற்றுக்குள் வந்துவிட்ட உணர்வு வரும். அழகா இல்லையா என்று சண்டை போடலாம். ஒளிவுமறைவு இல்லை என்பதில் சந்தேகமில்லை.

கண்ணுக்குத் தெரியாத கட்டடக்கலை

சுவரும் கூரையும் பாதிக் கதைதான். ஒரு குழாய்க்குள் ரயில் ஓடும்போது எதிரே இருக்கும் காற்றை ஊசிக்குழலின் தண்டுபோலத் தள்ளிக்கொண்டு வரும். ரயில் வருவதற்கு முன்பே முகத்தில் படும் காற்று அதுதான். பழைய நிலையங்களுக்கு அதுவே காற்றோட்டம். ஆனால் பிரேக் பிடிக்கும் வெப்பம் போக இடமில்லாமல் மண்ணில் சேரும். லண்டன் குழாய் ரயில் ஒரு காலத்தில் கோடையில் குளுமையான இடம் என்று விளம்பரம் செய்துகொண்டது. ஒரு நூற்றாண்டுச் சூட்டை வாங்கிச் சேமித்த களிமண் இன்று அதைத் திருப்பித் தருகிறது. 1987-ல் தொடங்கிய சிங்கப்பூரின் எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் தன் சுரங்க நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பும் கதவும் வைத்தது. ரயிலின் சூடு அந்தப் பக்கம், குளிரூட்டிய காற்று இந்தப் பக்கம். யாரும் தண்டவாளத்தில் விழவும் வழியில்லை.

தீ விஷயத்தில் பாடம் கசப்பாக வந்தது. 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டருக்கு அடியில் சேர்ந்திருந்த அழுக்கில் தீக்குச்சி விழுந்து பற்றியது. முதலில் சின்ன நெருப்புதான். ஆனால் சாய்வான பள்ளம்போன்ற எஸ்கலேட்டரில் சுவாலை நிமிர்ந்து எரியாமல் படிகளோடு படுத்துக்கொண்டு மேல்நோக்கி ஓடியது. திடீரென்று டிக்கெட் கூடத்துக்குள் வெடித்துப் புகுந்தது. 31 பேர் இறந்தார்கள். சாய்ந்த பள்ளத்தில் தீ இப்படி நடந்துகொள்ளும் என்பதே விசாரணையின்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. மர எஸ்கலேட்டர்களை அகற்றத் தொடங்கினார்கள். கடைசி ஒன்று 2014-ல் போனது.

அதற்கும் முன்னால், 1943 மார்ச் 3 இரவில், பெத்னல் கிரீன் நிலையத்தில் 173 பேர் இறந்தார்கள். அங்கே அப்போது ரயிலே ஓடவில்லை. குண்டுவீச்சிலிருந்து தப்ப மக்கள் ஒதுங்கும் இடம் அது. இருட்டான படிக்கட்டு, நடுவில் கைப்பிடி இல்லை, ஒருவர் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் அடுக்கடுக்காக மேலே விழுந்தார்கள். இன்று அகலமான படிக்கட்டின் நடுவே ஓடும் கைப்பிடிக் கம்பியை யாரும் கட்டடக்கலை என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு மாயகோவ்ஸ்கயாவின் கூரையைவிட அது முக்கியமாகத் தோன்றுகிறது.

மண்ணுக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தால்?

பழைய நகரங்களில் தோண்டினால் வெறும் மண் மட்டும் கிடைக்காது. ஏதென்ஸின் சின்டாக்மா நிலையத்தில் தோண்டும்போது கிடைத்தவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் சுவரிலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

மெக்சிகோ நகரில் 1967-ல் மெட்ரோ வேலை நடந்தபோது பினோ சுவாரெஸ் நிலையம் வரவேண்டிய இடத்தில் ஒரு சிறிய ஆஸ்டெக் பலிபீடம் வெளிப்பட்டது. வட்ட வடிவம், காற்றுக் கடவுள் எஹெகாட்டலுக்கு உரியது. பெயர்த்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பாமல், நிலையத்தை அதைச் சுற்றி அமைத்தார்கள். ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாறும் வழியில், மேலே திறந்த முற்றத்தில் அது அப்படியே நிற்கிறது. அந்த மெட்ரோவில் எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படச் சின்னம் உண்டு. தொடங்கிவைத்தவர் லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர். பினோ சுவாரெஸின் சின்னம் அந்தப் பலிபீடம்தான். ரயில் மாற ஓடுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.